கேம்களுக்கு மாட் போடுவது எப்படி: சேவ் தொலையாமல், பிடித்த மாதிரி விளையாட

என் அக்காவுக்கு ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேம் என்றால் உயிர். விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, கோழிகளைத் தடவிக்கொடுப்பது எல்லாம் ஆசை ஆசையாகச் செய்வாள். மீன் பிடிக்கும் இடம் வந்தால் மட்டும் மவுஸை என் பக்கம் தள்ளிவிடுவாள். தூண்டிலில் மீன் சிக்கியதும் ஒரு நெட்டுக் கட்டத்தில் பச்சைப் பட்டை வரும், மவுஸை அழுத்தினால் பட்டை ஏறும், விட்டால் இறங்கும், துள்ளுகிற மீனை அந்தப் பட்டைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். மூட்டுவலி இருக்கும் விரல்களுக்கு அது ஆகாத வேலை. "டேய், நீயே பிடிச்சுக் குடுத்துடு, எனக்கு வராது" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மினிகேமைத் தாண்டிவிடுகிற ஒரு சின்ன மாட் (கேமை மாற்றும் கூடுதல் கோப்பு) போட்டுக் கொடுத்த பிறகு, என்னைக் கூப்பிடாமலேயே அன்று இரவு பதினோரு மீன் பிடித்திருந்தாள்.

அது சீட்டிங் இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவள் யாரை ஏமாற்றினாள்? அவள் கம்ப்யூட்டர், அவள் வாங்கிய கேம், அவள் பண்ணை, எதிரில் ஆட ஆளே இல்லை. தனியாக ஆடும் கேமை எப்படி ஆடுவது என்பதை ஆடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாங்கிய புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கவும், ஓரத்தில் எழுதவும் நமக்கு யாரிடமும் அனுமதி தேவைப்படுவதில்லை. அந்த உரிமை கையில் இருந்தும் பயன்படுத்தத் தெரியாமல், எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று பயந்து நிறையப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

மாட் என்றால் உண்மையில் என்ன

கேம் என்பது இரண்டு பங்கு. ஒன்று இயந்திரம், அதாவது எஞ்சின். இன்னொன்று அதற்குள் ஊற்றும் சரக்கு: படங்கள், ஒலி, வரைபடங்கள், வசனங்கள், எண்கள். 1993இல் வந்த டூம் கேமில் ஜான் கார்மாக் இந்தச் சரக்கையெல்லாம் வாட் என்ற தனிக் கோப்பில் வேண்டுமென்றே பிரித்து வைத்தார். ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்த வாட் கோப்பைச் செய்து போட்டால் மூலக் கோப்பு சேதமாகாமல் புதிய லெவல் வந்துவிடும். இன்று நாம் போடும் பெரும்பாலான மாட்களின் அடிப்படையும் இதுதான், கேமின் மூலக் கோப்பைத் தொடாமல் அதன் மேல் ஒரு படலம் போர்த்துவது. அந்தப் படலத்தை உருவிவிட்டால் பழைய கேம் அப்படியே இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தைக் காப்பாற்றத்தான்.

படி 1: உங்களுக்கு எது உறுத்துகிறது என்று எழுதுங்கள்

மாட் தளத்தைத் திறந்து, பிரபலமானவை பட்டியலில் முதல் நாற்பதை இறக்காதீர்கள். பத்தில் ஒன்பது பேர் வழுக்கி விழுவது இங்கேதான். அதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, இந்த கேமில் எனக்கு எது பிடிக்கவில்லை, எது முடியவில்லை, எது இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். அக்காவின் தாளில் இரண்டே வரி: மீன்பிடி வேண்டாம், நாள் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. (ஸ்டார்டியூவில் காலை ஆறிலிருந்து இரவு இரண்டு வரையான ஒரு நாள், நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம்தான். நிதானமாக ஆடுபவர்களுக்கு அது பதற்றம்.)

எழுதிய பிறகு கேமின் செட்டிங்ஸை முழுசாக ஒரு தடவை புரட்டுங்கள். சில சமயம் மாட் தேவையே படாது. 2018இல் வந்த செலஸ்ட் கடினமான கேம், ஆனால் அதில் அசிஸ்ட் மோட் என்று ஒன்றைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள், கேமின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், சாகாமல் ஆடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சாடிஸ்ஃபாக்டரி என்ற கேமில் சிலந்தி என்றால் நடுங்குபவர்களுக்காக, சிலந்திகள் இருக்க வேண்டிய இடத்தில் பூனைப் படம் வரவைக்கும் ஒரு தேர்வு உண்டு. ஸ்கைரிம் என்ற கேமில் அப்படி எதுவும் கிடையாது, அதனால் ஆட்டக்காரர்கள் தாங்களே சிலந்திகளைக் கரடிகளாக மாற்றும் மாட் செய்துகொண்டார்கள். செட்டிங்ஸில் இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த படி.

படி 2: உங்கள் கேமுக்கு எந்த வழி என்று பாருங்கள்

ஒவ்வொரு கேமுக்கும் மாட் போடும் வாசல் வேறு. ஸ்டீம் என்ற கேம் கடையில் ஒர்க்ஷாப் (மாட்களுக்கான பகுதி) இருக்கும் கேம்களில் சப்ஸ்கிரைப் பொத்தானை அழுத்தினால் போதும். ஸ்டார்டியூவுக்கு, மாட்களைக் கேமுக்குள் ஏற்றித் தரும் ஸ்மாபி என்ற கருவி வேண்டும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு அதே வேலையைச் செய்பவை ஃபோர்ஜ் அல்லது ஃபேப்ரிக், இரண்டையும் கலக்கக் கூடாது, ஒன்றுக்காகச் செய்த மாட் பொதுவாக இன்னொன்றில் ஓடாது. ஸ்கைரிம், ஃபால்அவுட் போன்றவற்றுக்குத் தனி மேனேஜர்கள் இருக்கின்றன, அதைப் பின்னால் பார்ப்போம்.

கூடவே மூன்று தகவலைக் குறித்துக்கொள்ளுங்கள்: கேமின் வெர்ஷன் எண், எந்தக் கடையில் வாங்கியது, கேம் எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீமில் கேம் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து மேனேஜ், ப்ரௌஸ் லோக்கல் ஃபைல்ஸ் என்று போனால் ஃபோல்டர் திறந்துவிடும்.

படி 3: சேவ் கோப்புக்கு நகல்

இந்தப் படியைத் தாண்டினால் மீதியைப் படிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

சேவ் கோப்பு, அதாவது நீங்கள் ஆடி நிறுத்திய இடத்தின் பதிவு, பெரும்பாலும் கேம் ஃபோல்டரில் இருக்காது. ஸ்டார்டியூவுக்கு விண்டோஸில் ஆப்டேட்டா ரோமிங்குக்குள் கேமின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் சேவ்ஸ். ஸ்கைரிமுக்கு டாக்குமெண்ட்ஸில் மை கேம்ஸ் ஃபோல்டருக்குள். அதை அப்படியே காப்பி செய்து, பெயரில் தேதி போட்டு, வேறு டிரைவில் அல்லது பென் டிரைவில் வையுங்கள். கிளவுட் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட வேண்டாம். சேவ் கெட்டுப்போனால் கிளவுட் அந்தக் கெட்ட சேவ் கோப்பையும் விசுவாசமாக மேலே ஏற்றிவிடும்.

நகல் எடுத்ததும் ஒரு சின்னச் சோதனை: அதை வைத்து ஒரு தடவை திரும்ப லோட் செய்து பாருங்கள். திரும்ப வராத நகல் நகலே இல்லை.

படி 4: அப்டேட்டை அடக்குங்கள்

2021 நவம்பரில் ஸ்கைரிமின் பத்தாம் ஆண்டை ஒட்டி வந்த அப்டேட்டில் நிறையப் பேருடைய அமைப்பு ஒரே நாளில் சரிந்தது. ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற கருவி கேமின் எக்ஸிகியூட்டபிள் கோப்புக்குள் குறிப்பிட்ட நினைவக முகவரிகளைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது, கோப்பு மாறியதும் அந்த முகவரிகளெல்லாம் இடம் பெயர்ந்துவிட்டன, அதை நம்பியிருந்த மாட்கள் எல்லாம் புதிதாக எழுதப்படும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதில் மாட் செய்தவர்களின் தவறு எதுவும் இல்லை.

ஸ்டீமில் ஒரு கேமை, நான் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று மாற்றி வைக்கலாம். முழுசாக நிறுத்த ஸ்டீம் விடாது, இது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். நான் வாங்கிய பொருளின் எந்தப் பதிப்பை ஆடுவது என்பது என் விருப்பமாக இருக்க வேண்டாமா? ஜிஓஜி என்ற இன்னொரு கடையில் வாங்கினால் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொள்ளலாம், பிடித்த வெர்ஷன் எப்போதும் கையில் இருக்கும்.

படி 5: மாட் பக்கத்தைப் படியுங்கள், முழுசாக

தலைப்பையும் படத்தையும் மட்டும் பார்த்து இறக்காதீர்கள். எந்த கேம் வெர்ஷனுக்குச் செய்தது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், வேறு எந்த மாட் கூட வேண்டும், எதனோடு ஒத்துப்போகாது என்று எல்லாம் அங்கே எழுதியிருக்கும். பிறகு பிழை அறிக்கைகள் பக்கம் போய்ப் புதியவற்றில் ஒரு பத்தைப் பாருங்கள், ஒரே புகார் மூன்று தடவை வந்தால் விலகுங்கள்.

பாதுகாப்பும் இங்கேதான். மாட் என்பது பல நேரங்களில் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் நிரல், வெறும் படம் இல்லை. 2023 ஜூனில் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல் மைன்கிராஃப்ட் மாட்களுக்குள் புகுந்தது, அதுவும் கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் என்ற பிரபலமான தளங்களிலேயே, சில மாட்காரர்களின் கணக்குகளைப் பிடித்துக்கொண்டு. நல்ல தளத்திலிருந்து எடுப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. நேற்று ஏற்றிய கோப்பை இன்றே இறக்காமல் சில நாள் பொறுங்கள், கூடவே ஆண்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். மூலத் தளத்தை விட்டு எங்கிருந்தோ எடுத்து மறுபடி ஏற்றிய ஜிப் கோப்புகள் வேண்டவே வேண்டாம்.

படி 6: முதல் மாட், கை பிடித்து

ஸ்டார்டியூவை வைத்தே காட்டுகிறேன், ஏனென்றால் இதைவிடச் சாதுவான தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்மாபியின் ஜிப் கோப்பை இறக்கி, கேம் ஃபோல்டருக்குள் வைக்காமல் டெஸ்க்டாப்பில் விரியுங்கள். உள்ளே விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று தனித்தனி இன்ஸ்டாலர் கோப்புகள் இருக்கும், உங்களுடையதை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், அது எண்ணை மட்டும்தான் கேட்கும். எழுத்து நன்றாகத் தெரியும் வண்ணத்துக்கு ஒரு எண், கேம் இருக்கும் ஃபோல்டருக்கு ஒரு எண், நிறுவ 1. முடிவில், ஸ்டீம் வழியாகத் திறப்பவர்களுக்காக ஒரு நீண்ட வரியைக் காட்டும். அதை அப்படியே காப்பி செய்து ஸ்டீமில் கேமின் ப்ராப்பர்ட்டீஸ், லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். இதை மறந்தால் கேம் மாட் இல்லாமல் சாதாரணமாகத் திறக்கும், ஒன்றும் வேலை செய்யவில்லையே என்று குழம்புவீர்கள்.

இப்போது எந்த மாட்-ஐயும் சேர்க்காமல் ஒரு தடவை கேமைத் திறங்கள். கேமோடு கூடவே ஒரு எழுத்துத் திரை திறந்தால் ஸ்மாபி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கேம் ஃபோல்டருக்குள் மாட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கும், அதில் சேவ்களை நகலெடுத்து வைக்கும் ஒரு துணை மாட் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். நல்ல மனசுக்காரர்கள் செய்த கருவி இது.

அப்புறம் நீங்கள் தேர்ந்தெடுத்த மாட்-இன் ஜிப்பை விரித்து, உள்ளே இருக்கும் ஃபோல்டரை மாட்ஸுக்குள் போடுங்கள். அந்த ஃபோல்டரைத் திறந்தால் மேனிஃபெஸ்ட் என்ற ஒரு கோப்பு கண்ணில் பட வேண்டும். கேமைத் திறங்கள், எழுத்துத் திரையில் உங்கள் மாட்-இன் பெயர் ஏற்றப்பட்டவை வரிசையில் வரும். சிவப்பு எழுத்து வந்தால் பிழை, எந்த மாட் என்றும் ஏன் என்றும் அதிலேயே இருக்கும். ஒரு மாட் தற்காலிகமாக வேண்டாம் என்றால் அழிக்கத் தேவையில்லை, ஃபோல்டர் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும், ஸ்மாபி அதைக் கண்டுகொள்ளாது.

கேமை ஒரு தடவை ஓட்டிய பிறகு பல மாட்களின் ஃபோல்டரில் கான்ஃபிக் என்ற கோப்பு முளைத்திருக்கும். அதை நோட்பேடில் திறந்து எண்களை மாற்றலாம். அக்காவின் நாளை இரண்டு மடங்கு நீளமாக்கியது அப்படித்தான். முதலில் மூன்று மடங்காக்கிப் பார்த்தோம், "இழுத்துக்கிட்டே போகுதுடா, தூக்கம் வருது" என்றாள், மறுபடி குறைத்தோம். எவ்வளவு கஷ்டம் வேண்டும் என்பதை அளந்து தரக்கூடியவர் ஆடுபவர் மட்டுமே, கேம் செய்தவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவர் அக்காவின் விரல்களைப் பார்த்ததில்லை.

படி 7: ஒவ்வொன்றாக

ஒரு மாட், ஒரு சோதனை. போட்டதும் பதினைந்து நிமிடம் ஆடுங்கள், சேவ் செய்யுங்கள், வெளியே வந்து மறுபடி திறந்து பாருங்கள், சரி என்றால் அடுத்தது. என்ன போட்டோம், எந்த வெர்ஷன், எந்தத் தேதி என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வையுங்கள்.

படி 8: எண்ணிக்கை கூடும்போது

ஸ்கைரிம் மாதிரி கேமில் நூறு மாட் என்பது சாதாரணம். அங்கே கையால் கோப்புகளைப் போட்டால் எது எங்கே போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மாட் ஆர்கனைசர் 2 என்ற மேனேஜர் கேம் ஃபோல்டரைத் தொடுவதே இல்லை, கேம் ஓடும்போது மட்டும் எல்லாம் அங்கே இருப்பதுபோல ஒரு மாய அடுக்கைக் காட்டும். வோர்டெக்ஸ் இன்னொரு வழி, கோப்புகளை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு கேம் ஃபோல்டருக்கு ஹார்ட் லிங்க் (அதே கோப்பை இன்னொரு இடத்திலும் காட்டும் இணைப்பு) போடும். நான் முதலாவதின் பக்கம். தொடக்கத்தில் கொஞ்சம் தலை சுற்றும், ஆனால் எது எதை மேலெழுதுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

லோட் ஆர்டர், அதாவது மாட்கள் ஏறும் வரிசை, என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். விஷயம் எளிது: இரண்டு மாட்கள் ஒரே பொருளை மாற்றினால் கடைசியாக ஏறியது ஜெயிக்கும். ஒரு மாட் வாளின் எடையைக் குறைக்கிறது, இன்னொன்று அதே வாளின் வலிமையைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவது அந்த வாளின் முழுப் பதிவையும் தன்னுடையதாக எழுதிவிடுவதால் முதலாவதின் எடை மாற்றம் காணாமல் போகும். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டையும் இணைக்கும் பேட்ச் தேட வேண்டும். லூட் என்ற கருவி வரிசையை ஓரளவு தானே சரிசெய்து தரும், மீதி அந்தந்த மாட் பக்கத்தில் எழுதியிருக்கும்.

படி 9: உடைந்தால்

உடையும். அப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில், ஓடும்போது நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாக் கோப்பைப் படியுங்கள், காரணம் பெரும்பாலும் கடைசிச் சில வரிகளில் இருக்கும். இல்லாவிட்டால் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். 64 மாட் இருக்கிறது என்றால் 32ஐ அணைத்துவிட்டு ஓட்டுங்கள். கிராஷ் நின்றால் குற்றவாளி அணைத்தவற்றில் இருக்கிறான், நிற்காவிட்டால் மீதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆறே சோதனையில் ஒரு மாட்-இல் வந்து நிற்பீர்கள். ஒன்றை நம்பியிருக்கும் இன்னொன்றை மட்டும் சேர்த்தே அணைக்க, சேர்த்தே ஏற்ற வேண்டும். இந்தச் சோதனைகளைப் புதிதாகத் தொடங்கிய ஒரு சேவில் செய்யுங்கள், உங்கள் முக்கியமான சேவில் வேண்டாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பெரிய ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக வாழ்ந்து ஆடும் கேம்) ஒன்றில் எழுபது மணி நேரம் ஆடிய பிறகு, ஸ்கிரிப்ட் (கேமுக்குள் ஓடும் சின்ன நிரல்) வைத்த ஒரு மாட் பிடிக்கவில்லை என்று நடுவில் உருவிவிட்டேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் கழித்து ஒரு ஊருக்குள் நுழைந்தால் கேம் நின்றுவிட்டது, எந்த வழியில் போனாலும் அதே இடத்தில். ஸ்கிரிப்ட்கள் சேவ் கோப்புக்குள்ளேயே தங்கிவிடும், மாட் போனாலும் அதன் மிச்சம் உள்ளே தேடிக்கொண்டே இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. படம், ஒலி, முகப்பு மாற்றும் மாட்களை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஸ்கிரிப்ட் இருப்பதை, அந்த ஆட்டம் முடியும் வரை விட்டுவிடுங்கள்.

படி 10: இன்னொரு ஆள் இருக்கும் இடத்தில்

இதுவரை பேசிய சுதந்திரம் முழுக்கத் தனி ஆட்டத்துக்கானது. எதிரில் இன்னொரு ஆள் வந்தவுடன் அந்த ஆட்டம் அவருடையதும் ஆகிவிடுகிறது, அவருக்குத் தெரியாமல் விதியை மாற்றுவது சீட்டிங்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆண்ட்டி-சீட் (ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் நிரல்) இருக்கும் கேமில் அழகுக்காகப் போட்ட மாட் கூட உங்கள் கணக்கை முடக்கலாம், ஸ்டீமை நடத்தும் வால்வின் ஆண்ட்டி-சீட்டான விஏசி போடும் தடை நிரந்தரமானது, பேசித் தீர்க்க முடியாது.

நண்பர்களோடு மாட் போட்டு ஆட நல்ல வழிகள் உண்டு. 2022இல் வந்த எல்டன் ரிங்குக்கு இருக்கும் ஒரு கூட்டாட்ட மாட் கேமின் அதிகாரபூர்வ சர்வர் பக்கமே போகாது, சேவ் கோப்பையும் வேறு விரிவுப் பெயரில் தனியாக வைத்துக்கொள்ளும். எல்லோரும் தெரிந்தே, ஒப்புக்கொண்டே, தனி இடத்தில். அப்படி இருந்தால் யாருக்கும் குறை இல்லை.

உரிமை பற்றிக் கொஞ்சம்

1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கேமின் விதிகளை மாற்றித் தரும் கேம் ஜீனி என்ற கருவி பற்றி நின்டெண்டோவோடு நடந்த வழக்கில், வீட்டில் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்பவர் பதிப்புரிமையை மீறவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 1998இல் அதே நீதிமன்றம், ட்யூக் நியூகெம் 3டி என்ற கேமுக்கு ஆட்டக்காரர்கள் செய்த லெவல்களைத் தொகுத்து விற்ற நிறுவனத்துக்கு எதிராக நின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தனக்காக மாற்றுவது வேறு, அடுத்தவரின் உலகத்தை வைத்துக் காசு பார்ப்பது வேறு. உங்கள் ஊர்ச் சட்டமும் கேமின் ஒப்பந்தமும் மாறுபடலாம், அதனால் ஒப்பந்தத்தில் மாட் பற்றிய பத்தியை மட்டுமாவது வாசியுங்கள்.

ஆட்டக்காரர்கள் வாய் திறந்தால் மாற்றம் வருகிறது என்பதையும் பார்த்திருக்கிறோம். 2015 ஏப்ரலில் ஸ்டீமில் ஸ்கைரிம் மாட்களை விற்கும் திட்டம் வந்தது, செய்தவருக்கு 25 சதவீதம்தான், எதிர்ப்பு கிளம்பி சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். 2017 ஜூனில் ஜிடிஏ மாட்களின் அடிப்படைக் கருவியான ஓப்பன்ஐவிக்கு, ஜிடிஏ செய்யும் ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ சட்ட எச்சரிக்கை அனுப்பியது, ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், கடைசியில் தனி ஆட்டத்துக்கான, காசு வாங்காத மாட்கள் மேல் பொதுவாக நடவடிக்கை இருக்காது என்று ராக்ஸ்டார் சொல்ல, கருவி திரும்ப வந்தது. மாறாக 2020இல் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு ஒப்பந்தத்தில், ஆட்டக்காரர்கள் செய்யும் கஸ்டம் கேம்கள் எல்லாம் தன்னுடைய சொத்து என்று அந்த கேமைச் செய்த பிளிசார்டு எழுதி வைத்தது. டோட்டா என்ற புகழ்பெற்ற ஆட்டம் பிறந்த வீடு வார்கிராஃப்ட் 3தான். யாரோ ஆசைக்குச் செய்த வரைபடத்திலிருந்து ஒரு முழு வகை விளையாட்டே முளைத்தது, அந்த ஆசைக்கு வேலி போட்டால் அடுத்தது எங்கிருந்து வரும்?

படி 11: சொந்தமாக ஒன்று

இது கட்டாயம் இல்லை, ஆனால் செய்து பாருங்கள். ஸ்டார்டியூவில் கன்டென்ட் பேச்சர் என்ற மாட் இருந்தால் நிரல் எழுதவே தெரிய வேண்டாம். ஒரு ஃபோல்டர், அதற்குள் பெயரும் வெர்ஷனும் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு, எதை எதால் மாற்றுவது என்று சொல்லும் கன்டென்ட் கோப்பு, பிறகு நீங்கள் வரைந்த படம், அவ்வளவுதான். கேமின் படங்களைப் பிரித்துக் காட்டும் கருவியால் பூனைப் படத்தை வெளியே எடுங்கள். அது ஒரே தாளில் பூனை நடப்பது, உட்காருவது, தூங்குவது என்று சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். வண்ணம் மட்டும் மாற்றுங்கள், படத்தின் அகலம் உயரத்தைத் தொடாதீர்கள், கட்டத்தின் கோட்டைத் தாண்டி ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள், தாண்டினால் பூனை நடக்கும்போது பக்கத்துக் கட்டத்தின் வால் ஒட்டிக்கொண்டு வரும். பின்னணி ஒளிபுகுவதாகவே இருக்கட்டும், வெள்ளையாகச் சேமித்தால் பூனையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி நடமாடும்.

அடுத்தவர் படத்தை எடுத்துத் திருத்தினால், வெளியிடும் முன் அவர் பக்கத்தில் அனுமதி பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள், எழுதாவிட்டால் கேளுங்கள், பதில் வராவிட்டால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அக்கா செய்த பூனை முழுக்கக் கறுப்பு, இடது முன்னங்காலில் மட்டும் வெள்ளை. நடக்கும்போது அந்த வெள்ளை ஒரு கட்டத்தில் வலது காலுக்குத் தாவிவிடுகிறது. திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன், "விடுடா, என் பூனை அப்படித்தான் நடக்கும்" என்றாள்.